பாரில் பெரிய மீன் குறைந்தால் என்ன மாறுகிறது: பார்த்துக் குறித்துவைக்க ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்து நீரோடியில் நின்றால் கேரள எல்லை கூப்பிடு தூரம்தான். கடலில் இறங்கிய பிறகு அந்த எல்லையை யாரும் தேடுவதில்லை. கேரளத்துப் பொழியூர் வள்ளமும் எங்கள் வள்ளமும் ஒரே பாரின், அதாவது கடலடிப் பாறைத்திட்டின், மேல்தான் தூண்டில் இறக்குகின்றன. இங்கே சுறா என்பதை அங்கே ஸ்ராவு என்கிறார்கள். இரு கரைகளிலும் ஏலக்கூடத்தில் நிற்கும் எவரிடமும் முன்பு போல் பெரிய மீன் வருகிறதா என்று கேட்டால், இல்லை என்ற பதில் உடனே வந்துவிடும். பெரிய மீன் போனதால் பாரில் வேறு எது மாறியது என்று அடுத்ததாகக் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்விக்குத் தம் கண்ணால் பார்த்து விடை தேட விரும்பும் கல்லூரி மாணவர்கள், சிப்பி எடுக்க முங்குபவர்கள், படகுக் கணக்கு எழுதுபவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு, பென்சில், அளவு நாடா, 50 மீட்டர் கயிறு, முங்குவதற்கான கண்ணாடி ஆகியவை போதும். ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் விடாமல் எழுதுவதாக இருந்தால் மட்டுமே தொடங்குங்கள். ஒரு பருவத்தை மட்டும் பார்த்து எழுதிய நோட்டு, அந்த ஆண்டின் மழையைத்தான் காட்டும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் பார் என்று சொல்வதும் பாடநூல் பவளப்பாறை என்று சொல்வதும் முழுவதும் ஒன்றல்ல. நம் கரையோரத்துப் பார்கள் பெரும்பாலும் கடலடிக் கற்பாறைகள். அவற்றின் மேல் சிப்பியும் பஞ்சுயிரியும் கடல்விசிறியும் இடையிடையே பவளமும் ஒட்டி வளர்கின்றன. பவளமே தன் சுண்ணாம்பால் கட்டியெழுப்பிய பாறையைப் பார்க்க வேண்டுமானால், மேற்கே லட்சத்தீவுக்கோ கிழக்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கோ போக வேண்டும். தூத்தூர்ப் பகுதிச் சுறாத் தூண்டிற்காரர்களுக்கு லட்சத்தீவுக் கடல் புதிதல்ல என்பதால், இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். குறிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். குறித்ததற்குப் பொருள் சொல்லும்போது மட்டும் வேறுபாட்டை மறக்கக் கூடாது.

கேள்வியை வகுத்துக்கொள்ளுதல்

பரவலாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. சுறா நடுத்தர மீனைத் தின்கிறது. நடுத்தர மீன் பாசி மேயும் மீனைத் தின்கிறது. சுறா போனால் நடுத்தர மீன் பெருகி, பாசி மேய்வன குறைந்து, பாசி பவளத்தை மூடிவிடும். இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே ஸ்காட் பாறைத்திட்டில் இந்தோனேசிய மரபு மீனவர்கள் மீன்பிடிக்க 1974 முதல் ஒரு நாடுகளிடை உடன்பாடு இடமளிக்கிறது. மீன்பிடி தடைசெய்யப்பட்ட ரவுலி திட்டுகளோடு அதை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சுறா குறைந்த ஸ்காட்டில் நடுத்தர வேட்டை மீன்கள் மிகுந்தும் பாசி மேய்வன குறைந்தும் இருந்ததை 2013-இல் எழுதினார்கள். ஆனால் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், வேட்டை மீன் மிகுந்த பகுதிகளையும் குறைந்த பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தப் படிப்படியான சரிவு தென்படவில்லை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. பாரின் உணவுத் தொடர்பைச் சங்கிலி என்பதைவிட வலை என்பதே சரி. ஒரு கண்ணி அறுந்தால் சுமை பக்கத்துக் கண்ணிகளுக்குப் பகிர்ந்துபோகும். ஆள் நீளம்கூட எட்டாத பாறைச்சுறாவும் பெரிய களவாவும் ஏறத்தாழ ஒரே இரையைத்தான் தின்கின்றன; அந்தச் சுறாவே புலிச்சுறாவுக்கு இரையாகக் கூடியது. எனவே அதை உச்சியில் வைத்து வரைந்த படம், முதல் கோட்டிலேயே பிழைபட்டுவிடுகிறது.

ஐயத்துக்கு இடமில்லாமல் விளைவு தெரிந்த இடங்களில், போன மீன் பெரும்பாலும் சுறா அன்று. கென்யக் கரையில் கிளாத்தி இனத்து மீன்களைப் பிடித்துத் தீர்த்த இடங்களில் கடல் முள்ளெலிகள் (முள் மூடிய உருண்டை உயிரிகள்) பெருகி, பாசியோடு சேர்த்துப் பவளத்தின் சுண்ணாம்பையும் சுரண்டித் தேய்த்தன. பிஜியின் தீவுகளில், மீன்பிடி அழுத்தம் மிகுந்த இடங்களில் வேட்டை மீன்களின் அடர்த்தி 61 விழுக்காடு குறைந்திருந்தது. பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன்களோ ஆயிரம் மடங்கு என்ற அளவில் கூடியிருந்தன. இதை 2004-இல் வெளியிட்டார்கள். ஆகவே "பெரிய மீன்" என்று ஒரே சொல்லில் எழுதி வைத்தால் நோட்டு எதையும் சொல்லாது. எந்த வாய் பாரிலிருந்து போனது என்பதைத்தான் எழுத வேண்டும்.

வாயைப் பார்த்துப் பிரிப்பது அவ்வளவு கடினமன்று. களவாவின் வாய் அகன்றது; இரையை முழுதாக உறிஞ்சி விழுங்குவதற்கானது. கிளிமீனின் பற்கள் ஒன்றாய் இணைந்து அலகு போலாகி, பாறையைச் சுரண்டுவதற்கு ஏற்றபடி இருக்கின்றன. கிளாத்திக்கு வாய் சிறியது, பல் உளி போன்றது. நோட்டில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய மீனை விழுங்கும் சுறா, பெரிய களவா, பெரிய பாரை மீன், சீலா ஆகியவை முதல் பத்தியில் வரும். சிறு மீனும் நண்டும் தின்னும் சிறு களவா, செப்பிலி, அஞ்சாலை இரண்டாவதில் வரும். ஓட்டையும் முள்ளையும் உடைத்துத் தின்னும் கிளாத்தி, பேத்தை வகைகளை மூன்றாவதிலும், பாசி மேயும் கிளிமீன், ஒரா போன்றவற்றை நான்காவதிலும் எழுதுங்கள். ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன்: நம் கரையில் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் சிவந்த பல்லுள்ள கறுத்த கிளாத்தி, பெரும்பாலும் நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத் தின்று வாழ்வது. அது ஏலத்தில் குவிந்து கிடப்பதைப் பார்த்து, பாரில் முள்ளெலிக்குக் காவல் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அதைத் தனியே குறியுங்கள்.

ஏலக்கூடத்தில்

முதல் ஆண்டு நாங்கள் எழுதிய நோட்டு வீணானது. எடையும் விலையும் மட்டும் எழுதினோம். ஆண்டு முடிவில் பார்த்தபோது சுறா வரத்து குறையவே இல்லை என்பது போலத் தெரிந்தது. ஒரு பழைய தூண்டிற்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மக்களே, இந்த மீனெல்லாம் எந்தக் கடல்ல பட்டதுன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அவர் இளைஞராக இருந்தபோது ஒரே இரவில் போய்த் திரும்பிய தொலைவை, இப்போதைய விசைப்படகுகள் முதல் நாள் பகலிலேயே கடந்து, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வருகின்றன. தொலைவு கூடக்கூட வரத்து நிலையாக இருப்பது போலத் தோன்றும். கரைக்கு அருகிலுள்ள பார் வெறுமையாவது அதற்குள் மறைந்துவிடும். எனவே ஒவ்வொரு வரியிலும் மீன் பட்ட இடம், ஆழம், இறக்கிய தூண்டில்களின் எண்ணிக்கை, கடலில் கழித்த இரவுகள் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். பாரின் பெயரை மட்டும் கேளுங்கள்; அதைக் கண்டுபிடிக்கும் கரையடையாளங்களைக் கேட்காதீர்கள். அது அவர்களின் குடும்பச் சொத்து, சொல்லவும் மாட்டார்கள்.

எடையைவிட நீளமே முதன்மையானது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நாடாவை நேராகப் பிடியுங்கள். உடலின் வளைவை ஒட்டிப் பிடித்தால் அளவு கூடிவிடும். சுறாவைப் புரட்டி அடிவயிற்றைப் பாருங்கள். பின்துடுப்புகளை ஒட்டி விரல் போன்ற இரண்டு நீட்சிகள் இருந்தால் அது ஆண். அவை வளைந்துகொடுக்கும் அளவுக்கு மெத்தென்றிருந்தால் இளசு, குச்சி போல் விறைத்திருந்தால் முதிர்ந்தது.

ஒரு விடியற்காலை ஏலத்தரையில், மத்திக் குவியலுக்குப் பக்கத்தில், முக்கால் முழம் நீளமுள்ள பத்துப் பன்னிரண்டு சுறாக்குட்டிகளை ஒரு அக்கா வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "பால்சுறா, புட்டுக்கு நல்லா இருக்கும்" என்றார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, இரண்டு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே நகத்தால் கீறியது போன்ற ஒரு பிளவு இன்னும் மூடாமல் சிவந்திருந்தது. அது தொப்புள், பிறந்து சில நாட்களே ஆன குட்டி என்பதற்கு அடையாளம். தலையோ இருபுறமும் சுத்தியல் போல் விரிந்திருந்தது. பால்சுறா என்பது பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டிய அளவிலேயே வளர்ச்சி முடிந்துவிடும் தனி இனம். இவையோ ஆளைவிடப் பெரிதாக வளர வேண்டிய கொம்பன் சுறாவின் குட்டிகள். அடுப்படிப் பெயரை அப்படியே எழுதினால் இரண்டும் ஒரே வரியில் விழுந்துவிடும். பெரிய சுறாவின் இழப்பு நோட்டில் தெரிய வேண்டுமானால் தலை, தொப்புள், நீளம் என்ற மூன்றையும் பாருங்கள். ஐயமிருந்தால் பெயரை விட்டுவிட்டுப் படம் வரைந்து வையுங்கள். தவறான பெயரைவிட அது மேல்.

களவாவுக்கு வேறொரு கணக்கு. பெரும்பாலான களவா இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, பின்னர் வளர்ந்து ஆணாக மாறுகின்றன. பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் எஞ்சுவது பெண்கள் மட்டுமே என்ற நிலை வரக்கூடும். அதனால் களவாவில் எண்ணிக்கை குறையாமலேயே ஆபத்து நெருங்கலாம்; ஆண்டுதோறும் வந்தவற்றுள் மிகப் பெரிய ஐந்தின் நீளத்தை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதிவந்தாலே அது தெரியும்.

தடைக்காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தின் இழுவைமடித் தடை 52 நாட்கள்தான் என்பதால், இரு கரைகளின் நோட்டுகளையும் ஒப்பிடும்போது ஜூன் தொடக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறாவும் வேளா மீனும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. அவை வலையில் பட்டால் விடுவிக்க உதவுங்கள். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டுப் பட்டியல் நீண்டிருப்பதால், புதிய பட்டியலை மீன்துறை அலுவலகத்தில் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பாறை கட்டும் பவளங்களும் அதே முதல் பட்டியலில் இருக்கின்றன. மாதிரிக்கென்று ஒரு கொப்பைக்கூட ஒடிக்கக் கூடாது.

பாரின் மேல்

தனியாக முங்காதீர்கள். சிப்பி எடுப்பவர்கள் இருவராகவே போவார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் மேலே நிற்பார். அந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றுங்கள். நீவாடு (நீரோட்டம்) கடுமையாக இருக்கும் நாளிலும் கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களிலும் இறங்கவே வேண்டாம். தண்ணீர் கலங்கி எதுவும் தெரியவும் தெரியாது. மூன்று நான்கு பாகம் (ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு மீட்டர்) ஆழத்துக்கு மேற்படாத பாரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு, ஏறத்தாழ அதே நேரத்தில், அதே தெளிவில் போங்கள்.

50 மீட்டர் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டால் நூறு முடிச்சுகள் வரும். கயிற்றைப் பவளத்தில் சுற்றாமல், இரு முனைகளிலும் கல்லைக் கட்டி மெல்ல இறக்குங்கள். மீன்களை முதலில் எண்ண வேண்டும், அடித்தரையைப் பிறகு. மாற்றிச் செய்தால் மீன் பயந்து விலகியிருக்கும். கயிற்றின் இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும், நான்கு பத்திகளிலும் நீளத்தோடு எண்ணுங்கள். பின்னர் ஒவ்வொரு முடிச்சின் அடியிலும் இருப்பது உயிருள்ள பவளமா, செத்த பவளமா, பாசியா, பஞ்சுயிரியா, வெறும் கல்லா, மணலா என்று குறியுங்கள். முடிச்சு நூறு என்பதால் எண்ணிக்கையே விழுக்காடாகிவிடும், தனியே கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரே மூச்சில் இது முடியாது. இருவர் மாறிமாறி முங்கினால் ஒரு காலையில் முடியும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைக் குழாயால் செய்துகொண்டு, அதற்குள் கிடக்கும் முள்ளெலிகளை இடுக்குகளிலும் தேடி எண்ணுங்கள். பகலில் அவை உள்ளேதான் ஒளிந்திருக்கும்.

சுறாவை மட்டும் இப்படி எண்ண முயலாதீர்கள். முங்குபவரைக் கண்டு சில இனம் ஓடும், சில இனம் என்னவென்று பார்க்க நெருங்கி வந்து சுற்றும். இரண்டு வகையிலும் கணக்கு பொய்க்கும். அதற்கு நீர்புகாக் கேமரா ஒன்றை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, முன்னே ஒரு கம்பியில் ஒரு கிலோ நசுக்கிய மத்தியைக் கண்ணிவலைப் பையில் கட்டி, ஒரு மணி நேரம் அடியில் விட்டுவையுங்கள். வந்த சுறாவையெல்லாம் கூட்டக் கூடாது. ஒரே நேரத்தில் ஒரே காட்சியில் தெரிந்த மிகுதியான எண்ணிக்கையை மட்டும் எழுதினால், ஒன்றே திரும்பத் திரும்ப வந்ததைப் பலவாக எண்ணும் பிழை நேராது. 58 நாடுகளில் 371 பவளத்திட்டுகளை ஆராய்ந்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்ட உலகளாவிய கணக்கெடுப்பும் இந்த முறையில்தான் நடந்தது. அவற்றுள் 19 விழுக்காட்டுத் திட்டுகளில் ஒரு சுறாகூடக் கேமராவுக்கு முன் வரவில்லை.

எண்ணிக்கையோடு நடத்தையையும் பாருங்கள். பாசி மேயும் மீன் பாறையின் மறைவிலிருந்து எவ்வளவு தொலைவு துணிந்து போகிறது என்பதைக் கயிற்றில் அளக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவருகே, சிறு பாறைகளைச் சுற்றி மேயப்பட்ட வெற்று வளையங்கள் செயற்கைக்கோள் படத்திலேயே தெரிகின்றன. வேட்டை மீனுக்கு அஞ்சி, மறைவை விட்டு அதிக தூரம் போகாமல் மேய்வதால் அவை உருவாகின்றன என்று விளக்குகிறார்கள். அச்சம் போனால் மேய்ச்சல் பரவும். ஈட்டித் துப்பாக்கிக்காரர்கள் வரும் பாரில் மீன் மனிதனுக்கும் அஞ்சும் என்பதால், அந்தப் பாரை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

குறித்ததைப் படித்தல்

அளவுகோல் ஒன்று தேவைப்பட்டால் ஹவாயைப் பாருங்கள். மனிதர் மிகுந்த முதன்மைத் தீவுகளில், மீன்களின் மொத்த எடையில் உச்சநிலை வேட்டை மீன்களின் பங்கு 3 விழுக்காடு. ஆளரவமற்ற வடமேற்குத் தீவுகளில் அது 54 விழுக்காடு. இந்தக் கணக்கு 2002-இல் வெளிவந்தபோது பலரும் வியந்தனர். இரையைவிட வேட்டை மீன் அதிக எடையில் இருக்க முடியுமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. முங்கி எண்ணும்போது சுறா மிகையாகக் கணக்கிடப்படுகிறது என்பது ஒரு விடை. பிரெஞ்சுப் பாலினீசியாவின் பகரவா கால்வாயில் 700 சுறாக்கள் வரை திரள்வதை ஆராய்ந்தவர்கள், முட்டையிட வெளியிலிருந்து கூட்டமாக வரும் களவாக்களே அவற்றுக்கு உணவு தருகின்றன என்று கண்டது மற்றொரு விடை. நம் பாரிலும் கடல் கடந்து வரும் மீன் உணவாகச் சேர்கிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

உங்கள் நோட்டில் முதல் பத்தி குறைந்து, இரண்டாவது கூடி, நான்காவது சுருங்கியிருந்தால் ஸ்காட் திட்டின் கதை நினைவுக்கு வரும். உடனே முடிவு கட்டாதீர்கள். கிளிமீனையும் ஒராவையும் மனிதரே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஏலக்கூடத்து நோட்டு அதைச் சொல்லிவிடும். மூன்றாவது பத்தி குறைந்து சட்டத்துக்குள் முள்ளெலி கூடினால், எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஏனெனில் கென்யாவில் நடந்தது அதுவே, தொடர்பும் நேரானது. ஆனால் முள்ளெலி எப்போதும் பகை அன்று. கரீபியன் கடலில் மேய்ச்சல் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்த ஜமைக்காவில், 1983-84-இல் முள்ளெலிகள் நோயால் மடிந்தன. பவளப் பரப்பு 52 விழுக்காட்டிலிருந்து 3-க்கு இறங்கி, பாசி 4-லிருந்து 92-க்கு ஏறியதில், முன்பே தாக்கிய புயலோடு இந்த மடிவுக்கும் பெரும் பங்குண்டு. மிகுந்தாலும் கேடு, இல்லாவிட்டாலும் கேடு.

எண்ணிக்கை எதுவும் மாறாவிட்டால் உடலளவைப் பாருங்கள். ஸ்காட், ரவுலி திட்டுகளில் ஏழு மீன் இனங்களை அளந்து 2018-இல் வெளியிட்டபோது, சுறா குறைந்த இடத்து மீன்களுக்குக் கண்ணும் வாலும் சிறுத்திருந்தன. துரத்துபவர் இல்லாதபோது பெரிய கண்ணும் வலிய வாலும் தேவைப்படுவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். ஏலத்தில் வரும் செப்பிலியின் கண் விட்டத்தை நீளத்தோடு சேர்த்து எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

லட்சத்தீவைப் பற்றிய பக்கத்தில் வெப்பத்தை முதலில் எழுதுங்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்து மடிந்தது. அதைச் சுறாவின் இழப்போடு முடிச்சுப் போடக் கூடாது. வெளுத்த பிறகு மீள்வது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதில்தான் மீன்களுக்குப் பங்கு இருக்கிறது. பாசியை மேய்ந்து இடம் ஒழித்துக் கொடுக்க மீன் இருந்தால்தான் பவளக் குஞ்சு ஒட்டும். அகத்தித் தீவின் கடற்கழியில் பச்சை ஆமைகள் பெருகிக் கடற்புல் திடலை மேய்ந்து தீர்த்ததும் ஆய்வாளர்கள் பதிவு செய்ததே. ஆமையை வேட்டையாடும் புலிச்சுறா போன்றவை குறைந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. ஆமைக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பும் சேர்ந்திருப்பதால் இரண்டையும் பிரிப்பது எளிதன்று.

மாதம் ஒரு முறை நோட்டைப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் இளமையில் அதே பாரில் பட்ட மிகப் பெரிய களவாவின் அளவைக் கையால் காட்டச் சொல்லி, அந்தக் கைகளுக்கு இடையே நாடாவைப் பிடியுங்கள். அதே கேள்வியை அவர் மகனிடமும் பேரனிடமும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று நீளங்களையும் ஒரே பக்கத்தில், கேட்ட தேதியோடு எழுதுங்கள். கேமராவில் எதுவும் வராத நாளையும் விடாமல் எழுத வேண்டும்: தேதி, பார், ஆழம், ஒரு மணி நேரம், சுறா 0. அந்த வரி வெறும் தாளாக விடுபட்டால், சுறா இல்லையா, நீங்கள் அன்று கடலுக்கே போகவில்லையா என்பது பின்னால் நோட்டைப் படிப்பவருக்குத் தெரியாது.